பெயர் எழுதாத இருபத்தொன்பது கேஸ் ஷீட்

பிப்ரவரி 3, திங்கள்

இன்று காலை பதினோரு மணிக்குக் கூடிய கல்லூரி நிர்வாகக் குழு, ஐம்பது நிமிட விவாதத்துக்குப் பிறகு, செயல்முறைக் கூடத்திலுள்ள எலும்புக்கூடு இனி வடக்குப் பார்த்து நிற்கும் என்று ஒருமனதாகத் தீர்மானித்தது. நான்கு வருடமாக அது தெற்குப் பார்த்து நின்றிருக்கிறது. தெற்கு எமன் திசை என்பதைச் செயலாளர் தணிகாசலம் சுட்டிக்காட்டினார். எலும்புக்கூட்டைப் பொறுத்தவரை எமன் வந்து, வேலையை முடித்து, போயும் விட்டான் என்று யாரும் சொல்லவில்லை. தீர்மானத்தை முன்மொழிந்தவர் நிர்வாக அலுவலர் கோபிநாத். வழிமொழிந்தவர் முதல்வர் பொறுப்பில் இருப்பவர். அதாவது நான்.

அடுத்த விஷயத்துக்கு இரண்டு நிமிடம் ஆனது. மார்ச் 12 அன்று கவுன்சிலிலிருந்து ஆய்வுக் குழு வருகிறது. எங்கள் பிசியோதெரபி பட்டப்படிப்பு நான்கு வருடம் முன்பு தற்காலிக அனுமதியில் தொடங்கியது. முதல் பிரிவில் முப்பத்தெட்டுப் பேர். இறுதியாண்டுக்கு வந்துவிட்டார்கள். கவுன்சில் அங்கீகாரம் தராவிட்டால் பல்கலைக்கழகம் ஜூன் தேர்வுக்கு ஹால் டிக்கெட் தராது. நான்கு வருடம் அவர்கள் எங்கேயோ போய் வந்தார்கள் என்று மட்டும் சட்டம் ஒப்புக்கொள்ளும்.

“பாத்துக்கலாம்மா” என்றார் செயலாளர். “பாத்துக்கலாம் மேடம்” என்றார் கோபிநாத்.

பயமாக இருக்கிறது என்று எழுதத்தான் இந்த நோட்டை எடுத்தேன். எலும்புக்கூடு குறுக்கே வந்துவிட்டது.

பிப்ரவரி 5, புதன்

கவுன்சில் விதிப்புத்தகம் நூற்றுப் பன்னிரண்டு பக்கம். நாற்பது பக்கம் வரை தைரியமாகப் படித்தேன். கட்டில்கள் இருக்கின்றன. மின்சிகிச்சைக் கருவிகள் இருக்கின்றன. ஆசிரியர்கள், மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணினால், இருக்கிறோம். நாற்பத்தொன்றாம் பக்கத்தில் அந்த வரி: வெளிநோயாளிப் பிரிவுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது நாற்பது பேர் வர வேண்டும். ஒவ்வொருவருக்கும் கேஸ் ஷீட் இருக்க வேண்டும்.

எங்களுக்கு வருகிறவர்கள் பதினொரு பேர். அதுவும் மழையில்லாத நாளில். கல்லூரி ரெட்டியார்பாளையத்தைத் தாண்டி விழுப்புரம் சாலையில், செயலாளருடைய அப்பா மணிலாக்கொட்டை போட்ட நிலத்தில் இருக்கிறது. இடுப்பு வலிக்காரர் பஸ் மாறி அங்கே வந்து சேர்வதற்குள் கழுத்து வலியும் சேர்ந்துவிடும். இரண்டுக்கும் சிகிச்சை தர நாங்கள் தயார்.

நாற்பதில் பதினொன்று போனால் இருபத்தொன்பது. மூன்று முறை போட்டுப் பார்த்தேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

செயலாளரின் மைத்துனர் நடத்தும் ஜிம்மிலிருந்து ஒரு டிரெட்மில் வந்து இறங்கியது. “தொப்பைக்கு விடை கொடுங்கள்” என்ற ஸ்டிக்கரை மாணவர்கள் தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்த்து எடுத்தார்கள். “தொப்பை” போகவில்லை.

பிப்ரவரி 19, புதன்

ஆஃப்ரினின் அத்தா ஜெய்னுலாபுதீன் வந்திருந்தார். நேரு வீதிப் பக்கம் குடைக்கடை வைத்திருக்கிறார். மகள் இறுதியாண்டு. வாரத்தில் ஒருநாள் கடை மூடும் நாளில், இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். சுற்றி வளைக்கவில்லை.

“மேடம், வெளிய ஒரு பேச்சு அடிபடுது. இந்தப் பட்டம் செல்லுமா?”

நான் விதிமுறை, நடைமுறை, தற்காலிகம், நிரந்தரம் என்று ஏதோ ஆரம்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “நாலு வருஷமா வீட்டுல எல்லார் முதுகையும் புடிச்சுப் பாத்துட்டா. எங்க மச்சான், சம்பந்தி, மேல்வீட்டு ஹஜ்ரத் வரைக்கும் முடிஞ்சிது. இனிமே அவளுக்கு வெளி ஆளுங்கதான் வேணும். அதுக்குத்தான் கேக்கறேன்.”

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பதிலுக்குக் காத்திருந்தார்.

“செல்லும்” என்றேன்.

எந்த ஆதாரத்தில் சொன்னேன்? அவர் எழுந்து போன பிறகு கை சில்லென்று இருந்தது. மின்விசிறியை நிறுத்திப் பார்த்தேன். அப்போதும் சில்லென்றுதான் இருந்தது.

மார்ச் 1, சனி

மார்ச் 12 மாசி மகம் என்பது கவுன்சிலுக்குத் தெரியாது. அன்றைக்கு ஊர் முழுக்க வைத்திக்குப்பம் கடற்கரையில் நிற்கும். தீர்த்தவாரிக்குச் சாமிகளே வரிசையில் நிற்கும். ஆய்வுக் குழு வந்தால் அவர்களுக்கு எங்களைத் தவிர யாரும் கிடைக்க மாட்டார்கள். கோபிநாத் ஒரு கடிதம் எழுதி, தேதியை ஏப்ரல் 24க்கு மாற்றி வாங்கிவிட்டார். மாணவர்களுக்கு ஆறு வாரம் கூடுதல் பதற்றம். அவருக்கு மட்டும் முகமெல்லாம் மலர்ச்சி.

காரணம் கேட்டேன்.

“ஏப்ரல் பதினஞ்சுலேருந்து தடைக்காலம் மேடம். தேங்காய்த்திட்டுல போட்டெல்லாம் கட்டிக் கெடக்கும். ஆளுங்க ஊட்லதான் இருப்பாங்க. இருபத்தொம்பது இன்னா, எழுபதுகூட இட்டாரலாம்.”

மார்ச் 3, திங்கள்

மீன்கள் பெருகுவதற்காக அரசு ஒதுக்கியிருக்கும் அறுபத்தொரு நாளில் நாங்கள் நோயாளிகளைப் பெருக்கப்போகிறோம்.

ஏப்ரல் 7, திங்கள்

கோபிநாத் ஒரு கட்டு வெற்று கேஸ் ஷீட்டையும் ஒரு பட்டியலையும் என் மேஜையில் வைத்தார். பட்டியல் வருமாறு: முழங்கால் பத்து, இடுப்பு எட்டு, கழுத்து நான்கு, தோள் மூன்று, பக்கவாதம் இரண்டு, முகவாதம் இரண்டு. பாடத்திட்டத்தில் எதற்கு எத்தனை மணி நேரமோ அந்த விகிதத்தில் போட்டிருக்கிறார். இத்தனை நியாயமாக வியாதிகளைப் பங்கிட்டதை நான் எங்கும் பார்த்ததில்லை.

நான் இவற்றை நிரப்பிக் கையெழுத்துப் போட வேண்டும். பெயர் என்ற இடத்தைக் காலியாக விட வேண்டும். ஆள் வேனிலிருந்து இறங்கியதும் பெயர் ஏறும்.

ஆட்களை ஒருநாள் முன்னதாக வரச் சொல்லுங்கள், பரிசோதித்துவிட்டு எழுதுகிறேன், அது உண்மையான முகாமாக இருந்துவிட்டுப் போகட்டும் என்றேன். அவர் என்னைக் குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். வேன் வருவது எட்டரைக்கு. குழு வருவது ஒன்பதுக்கு. அதுவுமில்லாமல், முதல் நாள் நோயாளியாக இருந்தால் எண்ணிக்கையில் சேராது. எட்டு, ஒன்பது சிட்டிங் முடிந்து முன்னேற்றம் தெரிய வேண்டும். பார்க்காத ஆளுக்கு முன்னேற்றத்தை முன்னாலேயே எழுதத்தான் வேண்டும்.

பக்கவாதம் இரண்டு பேரை எங்கே பிடிப்பது என்று கேட்டேன்.

“கூத்துக்காரங்க ரெண்டு பேருக்குச் சொல்லியாச்சு மேடம். நல்லா பண்ணுவாங்க.”

கட்டைத் தொடாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஏப்ரல் 9, புதன்

செயலாளர் கூப்பிட்டார். திட்டவில்லை. டீ வரவழைத்தார். பிறகு சொன்னார்: “ஒரு கையெழுத்துக்கு இம்மாம் யோசிக்கிறீங்களேம்மா. நான் கல்யாணத்துக்குக்கூட இவ்ளோ யோசிக்கல.”

கையெழுத்துக்குக் கீழே என் பதிவு எண் கொண்ட முத்திரை விழ வேண்டும் என்றும், பொய் என்று தெரிந்தால் கவுன்சில் அந்த எண்ணையே எடுத்துவிடும், பிறகு நான் ஒரு சுண்டுவிரல் சுளுக்கைக்கூடத் தொட முடியாது என்றும் சொன்னேன். தலையாட்டினார். சன்னலைக் காட்டினார். கீழே முப்பத்தெட்டுப் பேரும் மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

“அதுங்க கிட்ட நீங்களே சொல்லிடுங்க” என்றார்.

அந்த மனிதருக்கு எங்கே பிடித்தால் வலிக்கும் என்று தெரிந்திருக்கிறது. எங்கள் தொழிலுக்கு வந்திருக்கலாம்.

ஏப்ரல் 13, ஞாயிறு

எழுதிவிட்டேன். சாப்பாட்டு மேஜையில், காலை பத்திலிருந்து மதியம் மூன்று வரை. எதிரே அவர் கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். என் கணவர் அறிவுமதிக்கு வேலை மேரியில், பிறப்பு இறப்புப் பதிவில். ஊரில் நகராட்சி என்று சொன்னால் முழிப்பார்கள். மேரி என்றால் வழி காட்டுவார்கள்; பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன சொல்.

“எங்ககிட்டயும் பொறக்காத புள்ளைக்கு சர்ட்டிபிகேட் கேட்டு வருவாங்க” என்றார். “ஆனா பேர வெச்சிட்டுதான் வருவாங்க. நீ பேரே இல்லாம முட்டி வலி எழுதற.”

எழுதிக்கொண்டே போனேன். வலது முழங்கால், தேய்மானம், ஐம்பத்தெட்டு வயது, ஒன்பதாவது சிட்டிங், வலி அறுபது சதவீதம் குறைந்துள்ளது. முத்திரை. இடது முழங்கால், தேய்மானம், ஐம்பத்துமூன்று வயது, எட்டாவது சிட்டிங். முத்திரை. சந்தேகம் வரக் கூடாது என்று ஒருவருக்கு மட்டும் முன்னேற்றமில்லை என்று எழுதினேன். அவருக்காகக் கொஞ்சம் வருத்தப்படவும் செய்தேன்.

பதினான்காவது ஷீட்டில் கை நடுங்கியது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். பதினைந்தாவதில் நடுங்கவில்லை. அப்புறம் இருபத்தொன்பது வரை நடுங்கவே இல்லை. நடுக்கத்தைவிட இதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

ஏப்ரல் 15, செவ்வாய்

தடைக்காலம் தொடங்கியது. கோபிநாத் ஒரு ஆட்டோவில் மைக் கட்டி வைத்திக்குப்பத்துக்கு அனுப்பியிருக்கிறார்: இலவச மூட்டு நரம்பு மருத்துவ முகாம், வேன் வசதி உண்டு, மதியம் பிரியாணி. முகாம் என்று சொன்னால்தான் சந்தேகம் வராதாம். பிரியாணிக்காக வருகிறவர்கள் ஆரோக்கியமாக இருப்பார்கள், சொன்னதைச் சொல்வார்கள் என்பது அவர் கணக்கு.

ஏப்ரல் 21, திங்கள்

வராந்தாவில் ஆஃப்ரின் வழிமறித்தாள். இறுதியாண்டு மாணவர்களிடம் ஆளுக்கொரு கேஸ் ஷீட் நகலைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். அவளுக்கு ஏழாம் நம்பர் கட்டில். வலது முழங்கால்.

“மேடம், பேஷன்ட் இன்னும் வரவே இல்ல. அதுக்குள்ள அறுபது பர்சென்ட் சரியாயிட்டாருன்னு இருக்கு.”

ஷீட்டில் உள்ளதைச் சொன்னால் போதும் என்றேன்.

அவள் கீழே இருந்த கையெழுத்தைப் பார்த்தாள். அது யாருடையது என்று அவளுக்குத் தெரியும். நான்கு வருடமாக அவளுடைய ரெக்கார்டு நோட்டில் அதைத்தான் வாங்கியிருக்கிறாள். “சரி மேடம்” என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஏப்ரல் 23, புதன்

நாளைக்கு யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர், வாய் தவறினால்? முப்பத்தெட்டுக் குடும்பம். ஜெய்னுலாபுதீனிடம் செல்லும் என்று சொன்னேனே — எந்த முகத்தோடு அந்தக் கடைப்பக்கம் போவேன்? மாட்டினால் எண் போகும். மாட்டாவிட்டால்? மாட்டாவிட்டால் வருடா வருடம் இருபத்தொன்பது எழுத வேண்டும். எதற்கு நான் பயப்படுகிறேன் என்றே தெரியவில்லை. ரெண்டுக்கும்தான்.

ஏப்ரல் 24, வியாழன்

மாலை ஆறு மணி. நடந்ததை நடந்தபடி எழுதிவிட வேண்டும்.

எட்டரைக்கு இரண்டு வேன் வந்தன. பாதிப் பேர் நொண்டிக்கொண்டு இறங்கினார்கள். ஓர் அம்மாளை இரண்டு பேர் பிடித்து இறக்கினார்கள். நடிப்பு அபாரமாக இருக்கிறதே என்று கோபிநாத் மகிழ்ந்துபோனார். எனக்குப் புரிந்துவிட்டது. மருத்துவ முகாம் என்று மைக்கில் சொன்னால் உடம்பு சரியில்லாதவர்கள் வருவார்கள் என்பதை இத்தனை திட்டத்தில் ஒருவரும் யோசிக்கவில்லை. நானும்தான்.

வேனிலேயே டோக்கன் கொடுத்திருக்கிறார்கள். எண்ணுக்கு ஒரு வியாதி. கழுத்து வலிக்காரருக்கு இடுப்பு விழுந்திருக்கிறது. இடுப்பு வலிக்காரிக்கு முகவாதம். மாற்றிக் கொடுக்கலாம் என்றால் நேரமில்லை. பெயர்கள் ஷீட்டில் ஏறிவிட்டன. வழக்கமாக வருகிற பதினொரு பேரையும் சேர்த்து நாற்பது.

ஒன்பது ஐந்துக்குக் குழு வந்தது. இருவர். அதிகம் பேசாதவர் இராமதாஸ், ஓய்வுபெற்ற பேராசிரியர். மற்றவர் கட்டடத்தை அளக்கப் போனார். இவர் நேராக வெளிநோயாளிப் பிரிவுக்கு வந்து, கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். நோயாளியைத் தொடப்போகிறவர்கள்தான் கடிகாரத்தைக் கழற்றுவார்கள்.

ஏழாம் நம்பர் கட்டிலில் நின்றார். கோவிந்தராசு, ஷீட்டின்படி ஐம்பத்தெட்டு வயது, விசைப்படகில் வலை இழுக்கிறவர். கேஸ் ஷீட்டைப் படித்தார். ஆஃப்ரினைப் பார்த்து, பரிசோதித்துச் சொல்லம்மா என்றார்.

அவள் என்ன கஷ்டம் என்று கேட்டாள். “முட்டி வலி” என்றார் கோவிந்தராசு, பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதுபோல. அவள் முட்டியைத் தொட்டாள், மடக்கினாள், நீட்டினாள், சுற்றியிருக்கும் தசையை அழுத்திப் பார்த்தாள். நேரமாயிற்று. ஷீட்டில் உள்ளதைச் சொல்லிவிடு என்று நான் மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன். ஆமாம், கெஞ்சினேன். அதை மறைக்க இந்த நோட்டு எதற்கு?

அவள் எழுந்து, “வலது கையைத் தூக்குங்க” என்றாள். தோள் மட்டம் வரை போயிற்று. அதற்கு மேல் உடம்பையே சாய்த்தார். பின்னால் கட்டச் சொன்னாள்; இடுப்பு எலும்புக்குக்கூடப் போகவில்லை. அவர் முகம் கோணியது. அது கூத்து இல்லை.

“சார், முட்டியில ஒண்ணுமில்ல. வலது தோள் இறுகியிருக்கு, குறைஞ்சது ஆறு மாசமா. கேஸ் ஷீட் தப்பா இருக்கு.”

கோபிநாத் பாய்ந்து வந்தார். பெண் கட்டில் மாறி நிற்கிறாள் என்றார். படிப்பில் கொஞ்சம் சுமார், வீட்டில் பிரச்சினை, மற்ற முப்பத்தேழு பேரும் தங்கம் என்றார். இராமதாஸ் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. பேனாவை எடுத்தார். என்னிடம் கேட்டார்:

“உங்க மாணவி தப்பு பண்றாங்களா மேடம்?”

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. ஒரு பெண்ணின் பெயருக்கு எதிரே ஒரு குறிப்பு, மற்றவர்களுக்கு அங்கீகாரம், எனக்கு என் எண். ஆஃப்ரின் என்னைப் பார்க்கவில்லை. கோவிந்தராசுவின் கையை மெதுவாகக் கீழே இறக்கிக்கொண்டிருந்தாள். சட்டென்று விட்டால் வலிக்கும்.

“இல்ல சார். கேஸ் ஷீட்தான் தப்பு. எழுதினது நான்.”

“இது ஒண்ணு மட்டுமா?” என்றார் இராமதாஸ்.

அப்போது கட்டிலிலிருந்து கோவிந்தராசு, என் நிலைமையைப் பார்த்து இரக்கப்பட்டவராக, தாழ்ந்த குரலில் சொன்னார்: “எம்மா, நான் வேணும்னா முட்டின்னே சொல்லிடறேன்.”

“இருபத்தொன்பது சார்” என்றேன்.

பிரியாணி வாசனை மட்டும் வந்தது.

இராமதாஸ் இருபத்தொன்பதையும் வாங்கித் தன் பையில் வைத்துக்கொண்டார். வெற்றுத் தாள் இருக்கிறதா என்று கேட்டார். முப்பத்தெட்டு மாணவர்களையும் வரச் சொல்லி, ஆளுக்கொரு நோயாளி, கையில் வெற்றுத் தாள், முப்பது நிமிடம் என்றார். நான், சக ஆசிரியை சரிதா, மற்ற ஆசிரியர்கள் எல்லோரும் வெளியே. கதவைச் சாத்திவிட்டார். மாணவர்கள் இல்லாமல் மிச்சமிருந்த இரண்டு பேரை அவரே பார்த்தாராம்.

மதியம் மூன்று வரை நடந்தது. கண்ணாடி வழியாகத் தெரிந்தது: ஒவ்வொரு தாளாக எடுத்துக்கொண்டு போய், அதே நோயாளியை மறுபடி தொட்டுச் சரிபார்த்தார். பக்கவாதக் கூத்துக்காரருக்கு வாதம் வலமா இடமா என்று மறந்துபோய் இரண்டு பக்கமும் இழுத்திருக்கிறது. ஆனால் ஒரு மாணவன் கழுத்தைப் பார்த்து, எலும்பு தேய்ந்திருப்பதாக எழுதியிருக்கிறான். இருபது வருடம் கிரீடம் சுமந்த கழுத்து. அவருக்கு அது இன்றுதான் தெரியும்.

கிளம்பும்போது கடிகாரத்தைக் கட்டிக்கொண்டே இராமதாஸ் சொன்னார்: “பசங்களைப் பத்தி ஒரு ரிப்போர்ட் எழுதுவேன். உங்களைப் பத்தி ஒண்ணு எழுதுவேன்.”

ஏப்ரல் 25, வெள்ளி

செயலாளர் இன்றும் டீ வரவழைத்தார். நீங்களாகவே எழுதிக் கொடுத்துவிட்டால் இரண்டு பேருக்கும் மரியாதை என்றார். உடல்நிலை காரணமாகப் பதவி விலகுவதாக எழுதச் சொன்னார். என்ன உடல்நிலை என்று போடுவது என்று கேட்டேன்.

“முட்டின்னு போடுங்கம்மா.”

போட்டேன். முப்பதாவது.

ஏப்ரல் 28, திங்கள்

காலை ஏழு மணிக்கு வாசலில் ஆஃப்ரின். பின்னால் கோவிந்தராசு. கல்லூரி வெளிநோயாளிப் பிரிவைப் பூட்டிவிட்டார்களாம். “முகாம்னு சொல்லித்தானே மேடம் இட்டாந்தாங்க, பாதியில விட்டா எப்படின்னு கேக்கறாரு” என்றாள்.

முன்னறையில் சோபாவை நகர்த்திவிட்டு அவருடைய சட்டையைக் கழற்ற உதவினோம். இடது கையால் பொத்தானைப் போடப் பழகிவிட்டார். ஜூன் பதினான்கோடு தடைக்காலம் முடிகிறது. அதற்குள் கை தூக்க வராவிட்டால் படகில் இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். கை தொண்ணூறு டிகிரி வரைதான் எழும்பியது. அளந்து எழுதிக்கொண்டேன், அவர் பெயரை முதலில் எழுதிவிட்டு.

மே 6, செவ்வாய்

கவுன்சிலிலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம். உங்கள் பதிவை ஏன் ரத்து செய்யக் கூடாது? பதினைந்து நாள். ரத்து என்ற சொல்லைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஒவ்வொரு தடவையும் ரத்து என்றுதான் இருந்தது.

என் கணவர் கேட்டார், இன்னா எழுதப்போற என்று. நிர்வாகம் வற்புறுத்தியது என்று எழுதலாம். வற்புறுத்தியது உண்மை. பேனா என் கையில் இருந்ததும் உண்மை.

மே 8, வியாழன்

எழுதினேன். செய்தது நான்தான் என்று அரைப் பக்கம். அஞ்சல் பெட்டியில் போட்டுவிட்டு அரை மணி நேரம் அங்கேயே நின்றேன், திரும்ப எடுக்க முடியுமா என்று பார்த்துக்கொண்டு.

மே 21, புதன்

ஹால் டிக்கெட் வரவில்லை. தேர்வு ஜூன் 18. மாணவர்கள் தினம் என்னை அழைக்கிறார்கள், ஒருவரும் கோபப்படவில்லை. ஒருத்தன் மட்டும், “நீங்க ஆமான்னு சொல்லியிருந்தா முடிஞ்சிருக்குமில்ல மேடம்” என்றான். அவன் சொன்னது சரி. ஆஃப்ரினிடம் இதைச் சொல்லவில்லை. அவளிடமும் யாராவது சொல்லாமலா இருப்பார்கள்?

கோவிந்தராசு நூற்றைந்து டிகிரி.

மே 27, செவ்வாய்

காந்தி வீதியில் தூரத்தில் ஜெய்னுலாபுதீன் வருவதைப் பார்த்தேன். மருந்துக்கடைக்குள் நுழைந்துவிட்டேன். இருமல் மருந்து வாங்கிக்கொண்டு வந்தேன். எனக்கு இருமல் இல்லை.

ஜூன் 10, செவ்வாய்

சரிதா அழைத்தாள். ஆணை வந்துவிட்டது. பயின்றுவரும் நான்கு பிரிவு மாணவர்களுக்கும் அங்கீகாரம் உண்டு. அவர்களின் நேரடிப் பரிசோதனைத் திறன் திருப்தி. வெளிநோயாளிப் பிரிவு உண்மையாக இயங்கும்வரை புதிய சேர்க்கை கிடையாது. ஹால் டிக்கெட் நாளை.

என்னைப் பற்றி எதுவும் இல்லையா என்று கேட்டேன். அது தனியாக வரும் போலிருக்கிறது என்றாள்.

பேசி முடித்துவிட்டுச் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன். அவர் வந்து பார்த்து, பாஸா பெயிலா என்று கேட்டார். அவங்க பாஸ் என்றேன்.

ஜூன் 14, சனி

தடைக்காலம் முடிந்தது. கோவிந்தராசு நூற்றுப் பதினெட்டு. வலை இழுக்க இது போதாது. படகு முதலாளி ஆகஸ்ட் கடைசி வரை இடம் வைத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறாராம். இந்த வேகத்தில் தினம் வந்தால் முடியும் என்றேன். தினம் வருகிறேன் என்றார்.

ஜூலை 17, வியாழன்

முப்பத்தெட்டில் முப்பத்தாறு பேர் தேர்ச்சி. ஆஃப்ரினுக்கு முதல் வகுப்பு. ஜெய்னுலாபுதீன் வீட்டுக்கே ஒரு டப்பாவில் தம்ரூட் இனிப்பும் ஒரு கறுப்புக் குடையும் கொண்டுவந்தார். மழைக்கு இன்னும் நாளிருக்கிறதே என்றேன். “இருக்கட்டும் மேடம்” என்றார். திங்கள்கிழமை முதல் அவள் ஓர் ஆஸ்பத்திரியில் பயிற்சிக்குச் சேர்கிறாள்.

தபால்காரர் சைக்கிள் மணி அடித்தால் இன்னும் சமையலறைக்குள் போய்விடுகிறேன். வந்தது மின்கட்டணம்தான்.

ஆகஸ்ட் 4, திங்கள்

பதிவுத் தபால் வந்தது. நான் வாங்கவே போகவில்லை. என் கணவர்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினார்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

இன்று முதல் ஆறு மாதத்துக்கு என் பதிவு நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது. இந்தக் காலத்தில் சிகிச்சை அளிக்கக் கூடாது.

கோவிந்தராசு ஏழு மணிக்கு வந்தார். வலது கையைத் தூக்கித் தலைவழியாகச் சட்டையைக் கழற்றப்போனார். வேண்டாம் என்றேன். ஆஃப்ரின் பயிற்சிபெறும் ஆஸ்பத்திரியின் பெயரையும், நூற்றுமுப்பத்தாறு டிகிரி என்றும், இதுவரை செய்தது என்ன, இனிச் செய்ய வேண்டியது என்ன என்றும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். படித்துக் காட்டச் சொன்னார். காட்டினேன். நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

ஏழே காலுக்குக் கிளம்பிப் போனார்.